பிழை

பரந்தன் சந்தியில் என் கராச்சுக்கு
மூன்றாம் தரமாக வந்து நிற்கிறது
பேரின்பநாயகத்தாரின் வெள்ளை ஹைபிரிட்.
"இழுவை இல்லைப் பிள்ளை.
சந்தி, மதகு, மாடு,
வேகம் குறைக்கிற இடமெல்லாம் செத்துப்போகுது."

ஸ்கேனரைக் கொழுவினேன்
(இன்னும் ஏழு மாதத் தவணை கட்டக் கிடக்கிற ஸ்கேனர்).
பிழைக்குறி ஒன்றுமில்லை.
முதல் தரம் எயார் பில்ற்றரைத் தட்டிப் பூட்டினேன்.
இரண்டாம் தரம் பற்றரி விசிறிக்குள்
எலி கொண்டுவந்து வைத்த வைக்கோலை எடுத்தேன்.
இந்தமுறை சாவியை அவரிடமே கொடுத்துப்
பக்கத்தில் ஏறி இருந்தேன்.
ஓடுங்கோ அண்ணை, நான் பாக்கிறன்.

முரசுமோட்டையில் பாதி றோட்டில் நெல் காய்கிறது.
மற்றப் பாதியில் எதிரே ஒரு உழவு மிசின்.
நான் றோட்டைப் பார்க்கவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்ட அவரின்
வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெருவிரல் பிரேக்கில்.
குதிக்கால் அக்சிலேற்றரில்.
ஒற்றைக் கால்
குறுக்காகக் கிடந்து
இரண்டையும் சேர்த்து அமத்துகிறது.

இந்தக் காரில் மிதியிலிருந்து இஞ்சினுக்குக் கேபிள் இல்லை.
மிதிப்பது ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான்.
உள்ளே இரண்டு உணரிகள் அதை வாசித்து,
ஒன்றை ஒன்று நம்பாமல் சரிபார்த்து,
பெட்டிக்கு அனுப்பும்.
ஓடு என்றும் நில் என்றும்
ஒரே காலிடமிருந்து வந்தால்
அரை நொடி போலப் பொறுக்கும்.
பிறகு ஓடு என்றதைக் கிழித்துப் போடும்.
கால்விரிப்பு சிக்கியிருக்கும்,
அல்லது ஆள் பதறிவிட்டார்
என்று நினைக்கப் பழக்கியிருக்கிறார்கள்.
முழு அறிவோடு, வேண்டுமென்றே,
ஒருவன் இரண்டையும் கேட்பான் என்று
ஜப்பானில் எவருக்குத் தோன்றியிருக்கும்.

"அண்ணை, ஏன் ரெண்டையும்?"

குனிந்து பார்த்தார்,
அந்தக் காலுக்குச் சொந்தக்காரர்
வேறு யாரோ என்பதுபோல.
ஒரு மதகு தாண்டிய பிறகு சொன்னார்:
"அது மண்ணெண்ணையில ஓடின வான்.
பற்றரி உள்ளுக்கு வரவிடாத காலம்.
ஸ்ராட் எடுக்க ஒரு மூடி பெற்றோல்,
தள்ள நாலு பேர்.
நிண்டால் நிண்டதுதான்.
பிரேக் அடிக்கேக்கையும்
குதியால அதின்ர உயிரைப் பிடிச்சிருக்கோணும்."

நான் பிறக்க முதல் நடந்த ஓட்டம்.
யாரை ஏற்றினார், எந்த இரவு,
எத்தனை பேரை இறக்கினார்,
கேட்கவில்லை.
அவர்தான் கேட்டார்:
"அந்தச் சாமானைக் கழட்டேலாதோ?"
ஏலாது அண்ணை.

தருமபுரத்துக்கு இந்தப் பக்கம் மாடுகள்.
பிரேக்கை மட்டும் பிடியுங்கோ.
குதியைத் தூக்குங்கோ.

தூக்கினார்.
கார் நின்றது.
இந்தச் சாதிக் கார் நின்றால்
இஞ்சினும் தன்பாட்டில் நிற்கும்.
ஒரு சத்தமில்லை.
மாட்டின் வால் பொனற்றில் பட்டது கேட்டது.
குதிக்கால் காற்றில் நடுங்க,
ஸ்ரியரிங்கைப் பிடித்த கையில் நரம்பு எழும்பிற்று.
"பாத்தியே, செத்துப்போச்சு."
இல்லை. பொறுங்கோ.
கடைசிக் கன்று
நடுறோட்டில் நின்று எங்களைப் பார்த்து,
மூத்திரம் பெய்து, போனது.
இப்ப மிதியுங்கோ.

கார் மூச்சுக் காட்டாமல் நகர்ந்தது.
இஞ்சின் பிறகுதான் எழும்பியது.
அவர் சிரிக்கவில்லை.
"தள்ளாமல்" என்றார்.
விசுவமடு வரைக்கும்
வேறொன்றும் பேசவில்லை.

பற்றுச்சீட்டில் 'பிழை' என்று ஒரு கட்டம் உண்டு.
பேனையை வைத்துக்கொண்டு நின்றேன்.
காரில் இல்லை.
காலைப் பற்றி எழுதுவதென்றால்
பிழைக்கப் பழகிய கால் அது.
கட்டத்தை வெறுமையாக விட்டு
ஆயிரத்தைந்நூறு வாங்கினேன்,
இருநூறு குறைக்கச் சொன்னார், குறைத்தேன்.

சந்தியில் திரும்பும்போது
பின் வெளிச்சம் சிவப்பாக எரிந்தது.
கார் ஒருக்கால் இளைத்துத்
தயங்கியது.

திரும்பவும் குதிதான்.