இரவல் காற்றுமானி

வில்ஹெல்மினா. மைனஸ் இருபத்தாறு.
அதிகாலை ஒன்றே முக்கால்.
நின்ற இடத்திலேயே இருமுகிறது என் வால்வோ,
எண்பத்தொன்பதாம் வருட வண்டி.
முள் ஆயிரத்துக்கு ஏறி, ஐந்நூறுக்கு விழுந்து,
மறுபடி ஏறுகிறது,
எதையோ சொல்ல வந்து சொல்லாமலே போகிறவன் மாதிரி.

பிளக் மாற்றியாயிற்று. பெட்ரோல் வடிகட்டியும்.
ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்குமோ என்று
மடிப்பு மடிப்பாக விரலால் தடவியாயிற்று.
முழுசாகத்தான் இருக்கிறது.
புகைக்குழாய் மட்டும் கறுப்பாகத் துப்புகிறது,
தேவைக்கு மேல் குடித்துவிட்டு.

பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடியால்
காற்றுமானியின் முதுகில் ஒரு தட்டு.
எஞ்சின் திடுக்கிட்டது.
இன்னொரு தட்டு. செத்தது.
ஓஹோ, நீயா.

அதன் செருகியைப் பிடுங்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால்
ஓடுகிறது!
கணக்குப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக்
குத்துமதிப்பில் நடக்கிற கடை போல
மந்தமாக, ஆனால் பொய்யில்லாமல்.
மேடுதான் ஏறாது.
என் வழியில் மேடு பதினொன்று,
தபால் பெட்டி நூற்றுப் பன்னிரண்டு.
ஆறு மணிக்குள் செய்தித்தாள் விழாத வீடெல்லாம்
என் கூலியில் விழும்.

மிச்சம் ஒரு சோதனை.
அதற்குள் முடியைவிட மெல்லிய பிளாட்டினக் கம்பி.
போகிற காற்று அதைக் குளிர்விக்கும்;
குளிர்ந்த அளவே காற்றின் அளவு.
எஞ்சினை அணைத்து நாலு நொடி கழித்து
அதுவே ஒருமுறை செக்கச் சிவந்து
மேலே படிந்த அழுக்கை எரித்துக்கொள்ளும்.
செருகியைத் திரும்ப மாட்டி, உறுமவிட்டு, அணைத்து,
துவாரத்தில் கண் வைத்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
ஐந்து.
பத்து.
இருட்டு இருட்டாகவே இருந்தது.

பக்கத்து வீட்டில் அதே வால்வோ, அதே வருடம்.
அவர் வாரிய பனி என் வாசலில் விழுந்ததிலிருந்து
சிக்ஸ்டனும் நானும் முகங்கொடுத்துப் பேசி
மூன்று பனிக்காலம்.
சமையலறையில் விளக்கு எரிந்தது.
மனுஷருக்குத் தூக்கம் வராதது தெருவுக்கே தெரியும்.

மணி அடித்தேன்.
நீளக் கம்பளி உள்ளாடையில் வந்து நின்றார்.
"உங்கள் காற்றுமானி வேண்டும்."
வணக்கம் சொல்ல மறந்துபோனேன்.
"கம்பி சிவக்கிறதா?"
"இல்லை."
"தட்டினால்?"
"சாகிறது."
அவர் உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுத்தார்.
எங்கள் வடக்கில் 'ஆமாம்' என்பதற்குச் சொல் தேவையில்லை,
அந்த ஒரு மிடறு காற்று போதும்.

"ஆனால் அதைத் தனியே அனுப்ப மாட்டேன்."
விளையாட்டென்று நினைத்தேன்.
இரண்டு கவ்வி, நாலு திருகு, விறைத்த இருபது விரல்.
என் வண்டி முதல் திருப்பலிலேயே பிடித்தது,
முள் எண்ணூறில் ஆணியடித்து நின்றது.
பார்த்தால், கோட்டு மாட்டிக்கொண்டு
பக்கத்து இருக்கையில் சிக்ஸ்டன்,
தன் காற்றுமானிக்குத் துணையாக.

பதினொரு மேடும் ஏறினோம்.
பெட்டியெல்லாம் அவர் பக்கம்.
பேப்பரைத் தப்புத் தப்பாக மடித்துத் திணித்தார்.
ஐம்பதாவது பெட்டியருகே
"அந்தப் பனி விஷயம்..." என்றார்.
அதற்குள் அடுத்த பெட்டி.
ஜன்னல் இறங்கியது. உள்ளே பாய்ந்த குளிர்
அந்த வாக்கியத்தை அங்கேயே முடித்துவைத்தது.
யாரும் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு வீடு.
"அதையும் பார்த்துவிடுவோம்" என்றார்.
வடிகட்டிப் பக்கத்து வாயைத் திறந்துவைத்து
ஓர் உறுமல் கொடுத்து அணைத்தேன்.
இறங்கி ஓடிவர நாலு நொடி.
ஒரு துவாரத்தின் முன் இரண்டு தலை,
ஆவி மறைத்துவிடும் என்று மூச்சுகூட விடாமல்.

சிவப்பு.
ஏரிக்கு அக்கரையில் யாரோ சிகரெட் இழுத்தாற்போல.
அவ்வளவுதான், போய்விட்டது.

"நாளைக்கும் இரண்டு மணிக்குத்தானே, ரக்னா?"

உதட்டைக் குவித்து உள்ளே இழுத்தேன்.
மைனஸ் இருபத்தாறு.
பல்லெல்லாம் கூசியது.