பதினைந்து சென்ட்

லெயோபென் நகரப் பதிவாளர் அலுவலகம்.
இரண்டாம் மாடி, ஜன்னல் எண் நான்கு.
பிறப்புக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும்
என்னிடம் ஒரே ரப்பர் முத்திரை.
தேதியை மட்டும் உருட்டிக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை லோரென்ஸ் வந்தான்,
ஓடு பதிக்கும் பிஹ்லரின் மகன்.
பள்ளியில் என் கணக்கைப் பார்த்து எழுதி
என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கியவன்.
ஜெர்மனியிலிருந்து திரும்பியிருக்கிறான்,
முன்வழுக்கையோடும்
ஒரு புதுப் பெயரோடும்.

தத்துப் பத்திரத்தை நீட்டினான்.
காஸல் நகர நீதிமன்ற முத்திரை.
மகனின் வயது நாற்பத்து மூன்று,
தாயின் வயது எண்பத்தொன்று.
பெயர்:
லோரென்ஸ் பிரின்ஸ் ஃபொன் ஆலென்ஃபெல்ஸ்.

முடிகள் உருண்ட அந்த வருஷத்தில்
எல்லைக்கு அந்தப் பக்கம்
இளவரசன் என்ற சொல்லைப் பட்டத்திலிருந்து கழற்றிக்
குடும்பப் பெயரில் கோத்துக்கொண்டார்கள்.
மூக்கு மாதிரி, காது மாதிரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று.
நாங்கள் சொல்லையே தடை செய்தோம்.
அங்கே பெயர், இங்கே குற்றம்.
இடையில் ஒரு சுங்கச்சாவடி,
இப்போது அதிலும் ஆள் இல்லை.

"எவ்வளவு கொடுத்தாய்?"
கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.
பெயரை விற்றுச் சாப்பிடுகிறவர்களையும்
வாங்கி விசிட்டிங் கார்டு அடிக்கிறவர்களையும் பற்றி
நானும் பத்திரிகை படிப்பவள்தானே.

"ஏழு குளிர்காலம்" என்றான்.

சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை.
இருமிக்கொண்டே இருக்கும் கிழட்டுக் கொதிகலன்.
ஸ்பானர் பையோடு இவன் போவான்.
முதல் வருஷம் கூலியாக ஒரு வெள்ளிக் கரண்டி.
அடுத்த வருஷம் முள்கரண்டி.
வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாளாம்.
கரண்டிகள் தீர்ந்த வருஷம்
வக்கீலை வரச் சொன்னாள்.

அவள் கல்லறைக்கு
எழுத்துக்கு இவ்வளவு என்று விலை சொன்ன கல்தச்சன்
"பிரின்ஸெஸினை விட்டுவிடுங்கள்,
பத்து எழுத்து மிச்சம்" என்றானாம்.
விடவில்லை.
மூன்று தவணையில் கட்டினேன், என்றான் லோரென்ஸ்.

நான் அடிக்கோலை எடுத்தேன்.
ஆஸ்திரியக் குடிமகன், ஆஸ்திரியப் பதிவேடு.
பிரின்ஸ் மேல் ஒரு கோடு,
ஃபொன் மேல் ஒரு கோடு.
லோரென்ஸ் ஆலென்ஃபெல்ஸ்.
வேரோடு வந்ததில் மண்ணைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது.
அருகில் அவன் மணக்கப்போகும் ஜெர்னேயா,
ஸ்லோவேனியப் பெண், பல் மருத்துவரிடம் வேலை.
"எனக்கு எழுத இப்போது சுலபம்" என்றாள்.
ஆறுதலா கிண்டலா, தெரியவில்லை.

அவன் கண் என் மேஜைப் பலகைக்குப் போயிற்று.
வால்ட்ராவ்ட் கெய்சர்.
"நீ மட்டும் சக்கரவர்த்தியா?"

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பன்
பக்கத்து மலைக் கிராமத்தில் பன்றி மேய்த்தவன்.
கார்னிவலில் ராஜபார்ட் கட்டினான்.
காகிதக் கிரீடம் மறுநாளே கிழிந்தது,
பெயர் கிழியவில்லை.
ஒருபோதும் ஆளாதவன் பெயர் என்பதால்
சட்டத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

லோரென்ஸ் சிரித்தான். பிறகு கேட்டான்:
"அபராதம் எவ்வளவு?"
இருபதாயிரம் குரோனன். பழைய நாணயம்,
பழைய சட்டம், யாரும் திருத்தவில்லை.
இன்றைய கணக்கில் பதினான்கு சென்ட்.
ரொட்டியின் ஓரம்கூட வராது.

ஒரு பத்து, ஒரு ஐந்து.
மேஜையில் வைத்துவிட்டு எழுந்தான்.
"ஒரு சென்ட் பாக்கி உன்னிடமே இருக்கட்டும்."

லோரென்ஸ், அது விலை இல்லை, தண்டனை என்றேன்.
கட்டினாலும் பெயர் கிடைக்காது என்றேன்.
அதற்குள் மாடிப்படியில் இருந்தார்கள்,
அவள் அவனை ஏதோ சொல்லி அழைத்தபடி.
எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

பதினைந்து சென்ட்டுக்கு ரசீது போட
எங்களிடம் கணக்குத் தலைப்பு இல்லை.
மை அட்டைக்குப் பக்கத்தில் கிடந்தன காசுகள்.
மாலையில் துடைக்க வந்த சஃபெத்
யாருடையது என்று கேட்டான்.

"இளவரசருடையது" என்றேன்,
அலுவலக நேரத்தில்,
அரசு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

அவன் காசுகளை நகர்த்தாமல்
சுற்றிலும் துடைத்துவிட்டுப் போனான்.