மண் இளகும் வரை

எங்கள் லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
ஒரு முனையில் மூடிக் கிடக்கும் இரும்பாலை,
மறு முனையில் கடற்காற்று அறையும் அடுக்குவீடுகள்.
இடையில் பத்தொன்பது வருடம்
போனேன், வந்தேன், போனேன்.

ஒரு நவம்பர் இரவு, பணிமனையில்,
எழுபத்தொன்றாம் வண்டியின் ஹீட்டருக்குப் பின்னாலிருந்து
துருப்பிடித்த கீல் போல ஒரு குரல்.
உடம்பெல்லாம் கிரீஸ். ஒரு காது பாதி.
இழுத்தெடுத்ததில் என் மணிக்கட்டில் நாலு கோடு.
இன்னும் இருக்கின்றன. வெயிலில் பார்த்தால் தெரியும்,
இங்கே வெயில் வந்தால்.

மருத்துவமனையில் பெயர் கேட்டார்கள்.
"எழுபத்தொன்று" என்றேன்.
அந்தப் பெண் அதை வயதுக் கட்டத்தில் எழுதிவிட்டு
மெதுவாக நிமிர்ந்தாள்.

கொஞ்சுகிற பிறவி இல்லை அது.
ஏழு வருடம் என் வீட்டில்
ஒரு கை நீளம் தள்ளியே இருந்தது.
நான் சோபாவில் என்றால் அது ஜன்னல் விளிம்பில்;
நான் ஜன்னலுக்குப் போனால் அது குளியல்தொட்டிக்கு அடியில்.
தட்டில் வைத்த மீனை
நான் அறையைவிட்டுப் போன பிறகே தொடும்.
தங்கை ரஸ்மா சொல்வாள்:
"இது பூனையில்லை, குடித்தனக்காரர்.
அதுவும் வாடகை பாக்கி."

ஆனால் அதிகாலை வேலைக்கு
மூன்றரைக்கு நான் எழும்போது
இருட்டில் இரண்டு பச்சை விளக்குகள்
எனக்கு முன்பே எரிந்துகொண்டிருக்கும்.
பச்சை என்றால் போகலாம்.
போவேன்.

பிறகு சிறுநீரகம்.
தினமும் தோலுக்கடியில் நூறு மில்லி உப்புநீர்,
யாராவது பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர்.
யாராவது என்றால் நான்.
திரைச்சீலைக் கம்பியில் பாட்டிலை மாட்டினேன்.
முதல் நாள் கடித்தது.
மூன்றாம் நாள் முறைத்தது.
ஒன்பதாம் நாள், நான் குழாயைச் சரிசெய்வதற்குள்,
தானே வந்து மடியில் ஏறிற்று.

ஏழு வருட மீன் செய்யாததை
ஓர் ஊசி செய்தது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.
பத்தொன்பது வருடம் பயமில்லாமல் ஓட்டியவள்
அந்தக் குளிர்காலம் ஒவ்வொரு வளைவிலும் பயந்தேன்.
இரண்டு கிலோ எழுநூறு.
இரண்டு நானூறு.
ஒன்று தொள்ளாயிரம்.

பிப்ரவரியில், ஒரு செவ்வாய், முடிந்தது.
எப்படி என்று எழுதப்போவதில்லை.

கீழ்வீட்டு இமாண்ட்ஸுக்கு ஊருக்கு வெளியே தோட்டம் உண்டு.
குழாய் ஒழுகிய தகராறில்
நாங்கள் பேசி ஆறு வருடம்.
போய்க் கதவைத் தட்டினேன்.
அவர் எதுவும் கேட்காமல் கடப்பாரையை எடுத்தார்.
ஆப்பிள் மரத்தடியில் ஓங்கிப் போட்டார்.
பொறி பறந்தது. மண் வாங்கவில்லை.
"ஏப்ரலில் பார்ப்போம், ஜித்ரா."

ஆக, பனிக்காலணி வந்த பெட்டியில்,
என் கம்பளிக் கழுத்துத்துணியில் சுற்றி,
பால்கனியில், காலி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அது,
பழைய கணக்கில் ஒரு கை நீளம்.

ஊரே வசந்தத்துக்குக் காத்திருந்தது.
டிராமில் கிழவர்கள் வானத்தைத் திட்டினார்கள்.
நான் மட்டும் பொத்தானை அழுத்திக் கதவை மூடியபடி
இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்
என்று உறைபனியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.
மார்ச் இருபத்தாறு, இரவு இரண்டு மணி,
கூரைத் தகரத்திலிருந்து முதல் சொட்டு.
எழுந்து உட்கார்ந்தேன்.
அடுத்த சொட்டு விழாமலிருக்க
என்ன செய்யலாம் என்று உண்மையாகவே யோசித்தேன்.

விடுப்பு எடுத்துக்கொண்டு
பயணியாக ஏறினேன்.
வந்தது எழுபத்தொன்று அல்ல.
புது வண்டி, தாழ்ந்த தளம், சத்தமே இல்லை.
ஒரு சீட்டு வாங்கினேன்.
கைச்சுமைக்குக் கட்டணம் கிடையாது.
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

இமாண்ட்ஸ் முன்பே வந்து தோண்டியிருந்தார்.
பெட்டியோடா, பெட்டி இல்லாமலா என்றார்.
எனக்குத் தெரியவில்லை.
அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி,
இளகிவிட்டது என்று
நான் நம்பும் வரை
இரண்டு விரலுக்கிடையில் நசுக்கிக் காட்டினார்.