உறுதி செய்ய இயலவில்லை

விசா மறுத்த தாளில்
கட்டம் கட்டமாகக் காரணங்கள்.
எங்களுக்கு டிக் அடித்திருந்த கட்டத்தை
ரூபன் போனில் தமிழாக்கிச் சொன்னான்:
‘திரும்பிப் போகும் எண்ணம் இவர்களுக்கு உண்டென்பதை
உறுதி செய்ய இயலவில்லை.’
அமலதாஸ் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.
பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு
எடைமேடைக்கு நைட் டூட்டி போய்விட்டார்.

சென்னையில் மூன்று முறை அழுத்தியும்
என் கட்டைவிரலை அந்த மெஷின் படிக்கவில்லை.
மண்டியில் சின்ன வெங்காயம் உரித்தே
ரேகை போய்விட்டது என்று சொன்னேன்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
துடைத்துவிட்டு வையுங்கள் என்றாள்.

பாரிசுக்கென்று வாங்கிய கம்பளிக் கோட்டு இரண்டும்
ஒட்டன்சத்திரம் வெயிலில், பீரோவுக்குள் புழுங்கிக் கிடந்தன.
திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம்தானாம்.
‘குளிர் எந்த ஊர்ல இருந்தா என்ன’ என்றார்.
இருபத்தைந்தாவது கல்யாண நாள்.
காலை ஆறேகால் பஸ்,
பழனி வழியாகக் கொடைக்கானல்.

பழனி பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம்.
பார்க்கக் கூடாதென்றிருந்தும் பார்த்துவிட்டேன்.
தூணை ஒட்டின அந்த சிமெண்ட் பெஞ்சுக்கு
இப்போது டைல்ஸ் பதித்திருக்கிறார்கள்.
கல்யாணமான ஆறாம் வருஷம்
ஒரு மஞ்சப் பையோடு
நான் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்த இடம்.
ரூபன் பள்ளிக்கூடம் விடுவதற்குள் திரும்பிவிட்டேன்.
அவருக்குத் தெரியாது.
டீ வாங்கி வந்து ஜன்னல் வழியே நீட்டினார்,
நான் கேட்காமலே, சர்க்கரை கம்மியாக.

மலை ஏற ஏற எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தேன்.
அவர் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணினார்.
எண்ணாமல் எதையும் விடமாட்டார்.

ஏரியில் பெடல் படகு.
அவர் பக்கம் மட்டும் வேகமாக மிதித்ததில்
நட்டநடுவே வட்டம் சுற்றினோம்.
தேன்நிலவுக்கு வந்த ஜோடி ஒன்று
எங்களை வீடியோ எடுத்தது.
கரையில் சோளக்கதிர் சுட்டுத் தந்தவளிடம்
ஆறு மாதமாய் மனப்பாடம் செய்திருந்த வார்த்தையை எடுத்து
‘மெர்சி’ என்றார்.
‘மசாலா போட்டுத்தான்ணே இருக்கு’ என்றாள்.

கோக்கர்ஸ் வாக் போய்ச் சேர்வதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது.
கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லை.
ஆனாலும் டெலஸ்கோப்புக்கு டிக்கெட் எடுத்தார்.
‘அது வைகை டேம், அது பெரியகுளம்,
கொஞ்சம் லெஃப்ட்ல பாருங்க சார்’ என்று
பையன் வெள்ளையில் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே போனான்.
இவர் குனிந்து கண்ணை வைத்தவர்
எடுக்கவேயில்லை.

‘ஈபிள் டவர் தெரியுதா?’ என்றேன்.

குழாயில் கண் இருக்க, என்னைப் பாராமலே சொன்னார்:
‘அந்தப் பழனி டிக்கெட் ரெண்டையும் பார்த்தேன்.’

‘எப்ப?’

‘அன்னிக்கே. மஞ்சப் பைக்குள்ள,
வெங்காயத் தோலோட.’

‘கேக்கலையே நீங்க.’

‘போனது ஒண்ணு, வந்தது ஒண்ணு.
கணக்கு நேராயிருச்சு.
அப்புறம் என்னத்தக் கேக்க?’

பழனியில் ஒரு சித்தி,
அவளுக்கு விஷக் காய்ச்சல்,
ஆளனுப்பியதால் அவசரமாய்ப் போனது என்று
பத்தொன்பது வருஷம் தயாராய் வைத்திருந்தேன்.
தினமும் கொஞ்சம் சூடு பண்ணி வைத்தேன்.
அந்தச் சித்திக்கு அப்போதே குணமாகியிருக்கிறது.

‘டைம் முடிஞ்சிருச்சு சார்’ என்றான் பையன்.
‘ஒண்ணும் தெரியலேல்ல, பாதிக் காசு வேணா வாங்கிக்கங்க.’
வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

அப்புறம் நான் ஒரு தரம் பார்த்தேன்.
முழுக்க வெள்ளை.
ஓரத்தில் கறுப்பாய், புல் போல அசைந்தது
என் இமைமயிர்தான்.

கோட்டின் கைமடிப்பில் விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.
பிய்த்துப் போட்டேன்.
உள்ளே கையை விட்டுக்கொள்ள இடமிருந்தது,
அவர் பையில்.
விரல்களைத் தடவிப் பார்த்தார்,
மெஷின் படிக்காததை.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று
அவர் கேட்கவில்லை.
நானும்.