பதினேழுக்கு மேல்

நீடாமங்கலத்துக்குத் தெற்கே
ஒரு கொள்முதல் நிலையத்தில் பில் எழுதுகிறேன்.
பதினான்கு வருடம்.
கையளவு கருவியில் நெல்லைப் போட்டு
ஈரப்பதம் பார்ப்பேன்.
பதினேழு என்றால் மூட்டை ஏறும்.
பதினேழு புள்ளி நான்கு என்றால்
களத்தில் கொட்டிக் காயப்போடச் சொல்வேன்.
எண்தான் சொல்கிறது, நானில்லை
என்று சொல்லப் பழகியிருந்தேன்.

வலது கண் சிறுவயதிலேயே கிட்டிப்புள்ளுக்குப் போனது.
இடதுதான் இத்தனை மூட்டையையும் எண்ணியது.
தூற்றும் மெஷின் பக்கம், ஒரு தை மாத மதியம்,
அதில் ஒரு சுணை.

தேய்த்தேன். கழுவினேன்.
மருந்துக்கடைப் பையன் கொடுத்த சொட்டை
ஒன்பது நாள் விட்டேன்.
சிவப்பு குறைந்தது, வலி குறையவில்லை.
பத்தாம் நாள் கருவிழியின் மேல்
பால் பிடித்த நெல்மணி அளவுக்கு ஒரு வெள்ளை.
"பூ விழுந்துடுச்சு" என்றாள் அலமேலு.
பூ என்று சொல்லும்போது ஒரு குரல் தாழ்வதை
அன்றுதான் கேட்டேன்.

தஞ்சாவூரில் டாக்டர் மெர்லின் பூஞ்சை என்றார்.
மணிக்கொரு முறை மருந்து, இரவிலும்.
பிறகு படிவங்கள்.
பிறகு ஒருநாள் இரவு எட்டரைக்குப் போன்:
"கண் வந்திருக்கு. உடனே கிளம்புங்க."

வந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.
யாருடையது என்று சொல்ல மாட்டார்கள்.
வயது மட்டும் தாளில் தெரிந்தது, அறுபத்திரண்டு.
அத்தனை வருடம் எதையெதையோ உள்ளே விட்ட ஜன்னல்.
பதினாறு தையல்.
ஆரோக்கியசாமி சாக்குத் தைப்பதைத் தினமும் பார்க்கிறவன் நான்.
சணல் இழுபடும் சத்தத்தை எதிர்பார்த்துக் கிடந்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.

கட்டை அவிழ்த்ததும் வராந்தாவில் ஒரு பெண்
டிபன் பாக்ஸ் மூடியோடு மல்லுக்கட்டுவது தெரிந்தது.
"அழாதீங்க, தையல் இருக்கு" என்றார் நர்ஸ்.

அங்கேயே முடிந்திருந்தால்
இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான்காம் மாதம் அழுத்தம் முப்பத்தெட்டு.
"வெச்ச விழி பளிங்கு மாதிரி இருக்கு" என்றார் மெர்லின்,
"பின்னாலதான் நரம்பு காயுது."
கண்ணுக்குள் நீர் சுரக்கும், அது வடிய வேண்டும்,
வடிகால் அடைத்துக்கொண்டது என்று
படம் போட ஆரம்பித்தார்.
படம் வேண்டாம் டாக்டர் என்றேன்.
காட்டாமணக்கு மண்டிய வடிகாலுக்கு மேலே
தண்ணீர் நின்று நின்று
சம்பா அழுகிய நாற்றம் எனக்குத் தெரியும்.

எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை?
"மத்தவங்களுக்கு இருபத்தொண்ணு. உங்களுக்குப் பதினஞ்சு."
மழை வருடங்களில் பதினேழைத் தளர்த்தி
இருபது, இருபத்திரண்டு என்று உத்தரவு வரும்.
இதற்குத் தளர்வு உண்டா?
அவர் சிரிக்கவில்லை.

மறுபடி மேஜை. மேல் இமைக்கு அடியில்
ஒரு சின்ன மதகு வெட்டினார்கள்.
கூடுதலாகத் திறந்துவிட்டதோ என்னவோ
முதல் வாரம் நான்கு.
பிறகு ஒன்பது. பிறகு பதிமூன்று.
அங்கேயே நிற்கிறது, இதுவரை.
போன பார்வை வராது,
அதையும் அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.
சிவந்தாலோ மங்கினாலோ அன்றைக்கே வர வேண்டும்,
எத்தனை வருடமானாலும்.

இப்போது நேரே பார்த்தால் எல்லாம் துல்லியம்.
கருவியின் எண், புள்ளி, புள்ளிக்குப் பின்னால் இருப்பது.
வலப்பக்கம்தான் யாரோ துடைத்து எடுத்த மாதிரி.

பதினேழு புள்ளி நான்கு என்றேன் காற்றிடம்.
"இந்தப் பக்கம் நிக்கிறேன்" என்றார் வைரக்கண்ணு.
தலையை முழுக்கத் திருப்பினேன்.
நாற்பது மூட்டை. மூன்று நாளாகக் காவல்.
துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மணி ஒன்று. நீல மூடி பாட்டில்.
அலமேலு இல்லாத நேரத்தில்
எனக்கே விட்டுக்கொண்டால் கன்னத்தில்தான் போகும்.
"நான் விடட்டுமா?"
கை கழுவிட்டு வாங்க என்றேன்.
அடிபம்பில் முழங்கைவரை கழுவிவிட்டு வந்தார்.
ஒரே சொட்டு. சரியாக.

கண்ணை மூடியபடியே சொன்னேன்,
வெயில் நல்லா இருக்கு, கொட்டிப் பரப்புங்க,
நாலு மணிக்கு மறுபடி பார்க்கலாம்,
அதுவரைக்கும் நான் எங்கயும் போகல.