அறுபத்து மூன்று நாள்

முதல் ரத்தம் பிப்ரவரியில்.
சமையலறைத் தரையில் மூன்று சொட்டு.
பீட்ரூட் சாறு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.
தீப்ராவுக்கு அப்போது பத்து மாதம்,
என் காலுறையைத் திருடிக் கட்டிலடியில்
பதுக்கிக்கொண்டிருந்த பருவம்.

பொழுது சாய்வதற்குள் ஹல்வார்துர் தொலைபேசியில்.
வாடை அவன் நாய்க்கு முன்னால் அவனுக்கு எட்டிவிடும்.
"என் கோப்பூர் தயார். உன்னுடையதும் ஆகிவிட்டதாமே."
அடுப்பில் ரொட்டி வெந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னான்.

ஆகவில்லை என்றேன்.

ஒரு காலத்தில் ஆகிவிட்டது என்று
நானாகச் சொன்னவள்தான்.
ஸ்னோத்ராவுக்கு அன்று பதினோரு மாதம்.
குட்டி போட்ட இரவு, மோந்து பார்த்தாள்,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல.
எழுந்துபோய்க் கதவருகே படுத்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்:
இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போயேன்.
இரண்டு மணிக்கொரு தரம் சொட்டுக் குழாயில் பால்.
ஐந்தில் இரண்டு பிழைத்தன.
மூன்று, ஒரு காலணிப் பெட்டிக்குள் அடங்கின.
தரை இரும்பாய் உறைந்திருந்ததால்
ஏப்ரல் இளகும்வரை அந்தப் பெட்டி
உறைபெட்டியில், ஆட்டிறைச்சிக்கு அடியில்.
இதை ஓட்கெய்ரிடம்கூடச் சொன்னதில்லை.
அந்தக் குளிர்காலம் முழுக்க
இறைச்சி எடுக்க அவரை நான் அனுப்பவில்லை.

ஆகஸ்டில் மறுபடி.
மலையிலிருந்து ஆடுகளை இறக்க மூன்று வாரமே இருந்தது.
கொட்டகைக்குப் போனாலும் கயிற்றோடுதான் போனாள்.
இரவில் வேலிக்கு அப்பால் கோப்பூர் பாடினான்,
மோசமாக.

குளிர் தொடங்கியதும் அக்குரேரிக்கு ஓட்டிப் போனேன்.
மயக்கத்தில் மல்லாந்து கிடந்தவளின் கால்களை
டாக்ரூன் நேராக இழுத்துப் பிடித்துப் படம் எடுத்தாள்.
வெளிச்சத்தில் காட்டினாள்:
"பார், குழிக்குள் பந்து ஆழமாக உட்கார்ந்திருக்கிறது.
இவள் அம்மாவுக்கு எப்படி?"
தெரியாது என்றேன். கேட்டு எழுது என்றாள்.
கண்ணில் சொட்டு விட்டுப் பார்த்தாள்.
வீடு வரும்வரை தீப்ராவின் கண்மணி விரிந்தே இருந்தது,
பின்னிருக்கையில் இரண்டு கிணறு.

கடிதம் வந்தது மார்ச் முதல் தேதி.
இடுப்பு நன்று. கண் நன்று. அம்மாவின் இடுப்பும் நன்று.
நான்கு நாளில் தரையில் சொட்டு.
இரண்டு வயதுக்கு ஒரு மாதமே குறைவு.
ஹல்வார்துர் வண்டியிலேயே வந்துவிட்டான்,
முன்னிருக்கையில் கோப்பூர், தலை வாரி.

மீன் கூட்டுறவு கொடுத்த நாள்காட்டியைக் கழற்றி
மேசைமேல் வைத்து எண்ணினேன்.
அறுபத்து மூன்று நாள்.
விரல் போய் நின்றது மே நடுவில்.
இருநூற்று நாற்பது ஆடு ஈனும் வாரம்.
ஓட்கெய்ரின் படகு ஜூனில்தான் திரும்பும்.
முழங்கைவரை ஒரு கை ஆட்டுக்குள் இருக்கையில்
மூச்சு வராத நாய்க்குட்டியைத்
தேய்த்துக் கொடுக்க யார் கை?

"அவளுக்கு என்ன குறை இப்போது?" என்றான்.
"அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் மே மாதம்."

காபியைக் குடிக்காமல் போனான்.
கோப்பூர் வண்டிச் சன்னலில் மூக்கை அழுத்தி
ஒரு வட்டப் பனிமூட்டத்தை விட்டுச் சென்றான்.
தீப்ரா அதைப் பார்க்கவேயில்லை.
அவளுக்கு வைக்கோல்மேல் உட்கார்ந்த காக்கையோடு
ஏதோ பழைய கணக்கு.

அடுத்தது அக்டோபர்.
அப்படியானால் குட்டிகள் டிசம்பர் இருட்டில்,
ஓட்கெய்ர் கரையில், ஆடுகள் கொட்டகையில்.
குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்,
குட்டி கேட்டவர்களின் பெயர்.
ஏழு எழுதி இரண்டை அடித்தேன்:
ஒருவர் விலை மட்டும் கேட்டார்.
இன்னொருவர் நிறம் மட்டும்.
அடியில், 'திரும்பி வந்தால்' என்று ஒரு வரி.
அதற்கு நேராக
என் பெயர்.
பென்சில் கிடைக்கவில்லை.
பேனாவால்.