முப்பது விநாடி

ஏழு மணிக்கு வார்டு. அதற்குள் கடல்.
சேன் ஜோசஃபிலிருந்து இருட்டிலேயே வண்டியை விரட்டி
நாலே முக்காலுக்கு வந்து நிற்கிறேன்.
கெட்ட முனை என்று இந்த இடத்துக்குப் பெயர்.
வைத்தவன் படகு உடைந்தவனாக இருக்கும்.

என்றோ எரிமலையிலிருந்து இறங்கிய கறுப்பு
தண்ணீரைக் கண்டதும் நின்றுவிட்டது,
சொல்ல வந்ததை மறந்தவனைப் போல.
அதன் வெடிப்பில் முக்காலியின் காலைச் செருகுகிறேன்.
பின்னால் தாழைகள்; இங்கே வாக்குவா.
பெயர்தான் மாறியது, முள் மாறவில்லை,
முழங்கையில் ஒரு கோடு கிழித்தாயிற்று.

ஏன் எப்போதும் இதே பாறை?
தம்பி செத்ரிக் கேட்டான்.
நூற்றுப் பதினான்கு படம், எல்லாம் ஒன்றுபோல.
ஒரே நோயாளிக்குத் தினமும் ரத்த அழுத்தம் பார்ப்பதில்லையா என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
எனக்கும், உண்மையைச் சொன்னால், முழுதாக இல்லை.

சட்டை நுனியால் லென்ஸைத் துடைக்கிறேன்.
துடைத்த இடத்தில் அடுத்த உப்பு.
பொத்தானை அமுக்கிவிட்டு எண்ணத் தொடங்குகிறேன்,
நாடி பிடித்து எண்ணுகிற அதே வேகத்தில்.
ஒன்று, இரண்டு.
கதவு திறந்தே கிடக்கிறது. கடல் உள்ளே வந்து
போகிறது, வருகிறது,
ஒன்றின்மேல் ஒன்றாகத் தன்னையே எழுதிக்கொள்கிறது.
ஏழு, எட்டு.

பதினொன்றில் ஓர் ஆள்.
நெற்றியில் விளக்கு, தோளில் தூண்டில்,
என் சட்டகத்தின் குறுக்கே சாவகாசமாக.
கத்தலாம். கத்தினால் நிற்பார், நின்றால் பதிவார்.
வாயை மூடிக்கொண்டு எண்ணினேன்.

முப்பது.
சின்னத் திரையில் பாறை இருந்தது.
அலைகள் எல்லாம் சேர்ந்து
ஆறவைத்த பாலின் ஆவியாகப் பாறையைச் சுற்றிக் கிடந்தன.
ஆள் இல்லை.
அவர் போன வழியில் ஒரு வெளிச்சக் கோடு மட்டும்,
இடமிருந்து வலம், ஊசியில் கோத்த மஞ்சள் நூல்.

கூப்பிட்டுக் காட்டினேன்.
பெயர் ழான் இவ் மூத்துசாமி,
ஏதோ ஒரு குமாஸ்தாவின் பேனாவில்
முதலெழுத்து நீண்டுபோன முத்துசாமி.
நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரிப்பு:
"என்னைக் காணோமே!
அது போகட்டும், கடல் எங்கே?"

கோபம் வந்தது எனக்கு. சரி என்று
வேகத்தைக் கூட்டி, விநாடியை ஆயிரமாகக் கிழித்து,
பாறையில் மோதிய ஓர் அலையை அப்படியே நிறுத்தினேன்.
துளி துளியாக, உடைந்த வண்டிக் கண்ணாடி.
அதையும் பார்த்தார்.
"இதுவும் இல்லை" என்றார்,
"இது சத்தமே போடவில்லையே."
பையிலிருந்து இரையை எடுத்துக் கொக்கியில் குத்தியபடி
அந்த முதல் படத்தையே அனுப்பச் சொன்னார்,
மனைவியின் எண்ணுக்கு, வீட்டில் காட்டி ஏமாற்ற.

கீழ்வானம் அதற்குள் கிழிந்திருந்தது.
அந்தச் செம்மையை நான் எடுக்கவில்லை.
ஏன் என்று கேட்காதீர்கள்,
கை கேமராவில்தான் இருந்தது.
பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்,
பேட்டரி தானாக உறங்கும் வரை.

பதினெட்டாம் படுக்கைக்காரர் மணிக்கட்டை நீட்டுகிறார்.
கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறேன், முப்பது விநாடி.
"உன் புருவத்தில் வெள்ளையாக என்ன?" என்கிறார்.
உப்பு என்றேன்.
நம்பாமல் கட்டைவிரலால் தொட்டு நாக்கில் வைத்தவர்
மூன்று வாரமாகக் கடலைப் பார்க்காதவர்.
எண்ணிக்கை தவறியது. மறுபடி ஒன்றிலிருந்து.

மதியம் கைபேசி அதிர்ந்தது.
ரோஸ்லின் மூத்துசாமி, எனக்கு முன்பின் தெரியாதவர்:
"படம் கிடைத்தது. இவர்தான், சந்தேகமில்லை.
கோடு நாலு இடத்தில் கீழே இறங்குகிறது பாருங்கள்.
இடது முட்டி வலிக்கிறது என்று
உங்களிடமாவது சொன்னாரா?"